பீடியை விட்டதாலா போய்ச் சேர்ந்தார்?

ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்து, குளித்துவிட்டு, நாலு பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போது இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். “நாற்பது வருஷம் பீடி பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்டு விட்டார். எட்டே மாதம், ஆள் போய்விட்டார். பழகின உடம்பு சார், சட்டென்று நிறுத்தினால் தாங்குமா?” கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அதில் ஓரிருவர் அன்று மாலையே தெருமுனைப் பான் டப்பாவில் நிம்மதியாக ஒன்றைப் பற்ற வைப்பார்கள்.

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் மருந்தகத்தில் 29 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ‘கம்பவுண்டர் சார்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். டாக்டர் அல்லன். ஆனால் டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் எல்லாம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குத்தான் வரும். 1960-களில் ஐ.டி.பி.எல்., எச்.ஏ.எல். என்று தொழிற்சாலைகள் எழும்பியபோது வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறை ஆண்கள் பலரும் புகைப்பவர்கள். ஷிப்டு வேலை, ஊரை விட்டு வந்த தனிமை, போதாக்குறைக்கு இந்த ஊரின் அடையாளமான சார்மினாரே சிகரெட் பாக்கெட்டின் பெயராகவும் இருந்தது. 1930-ல் இங்கே தொடங்கிய வசீர் சுல்தான் கம்பெனியின் தயாரிப்பு அது. அந்தத் தலைமுறையில் பலர் இன்று புகையை விட்டுவிட்டார்கள். விட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சென்ற மார்கழியில் அடுத்த தெருவிலிருந்து ஒரு சகோதரி வந்தார். கணவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டார். ஐந்து மாதமாகிறது. முன்பு இல்லாத இருமல், தூக்கமில்லை, படபடப்பு, எதற்கெடுத்தாலும் கோபம், இடுப்பில் பேன்ட் ஏறவில்லை. ஊரிலிருந்து வந்த நாத்தனார், “விட்டதாலதான் இதெல்லாம். தினம் ரெண்டே ரெண்டு குடுத்துப் பாரு” என்றாராம். “குடுத்தா என்ன அண்ணா, ரெண்டுதானே?” என்று கேட்டார் அந்தச் சகோதரி. அவருக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ‘விட்டதால் செத்தார்’ என்ற கதையை எடுத்துக்கொள்வோம். பார்த்தது பொய்யல்ல. விட்டார், சில மாதத்தில் இறந்தார், இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவர் ஏன் விட்டார் என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் புகையை விடுகிறவர்களில் பலர் உடம்பு கெட்டபின் விடுகிறவர்கள். சளியில் ரத்தம் வந்தது, நெஞ்சு அடைத்தது, எக்ஸ்ரேயில் எதையோ பார்த்து டாக்டர் முகம் சுளித்தார், அதன்பின் விடுகிறார்கள். அவர்களைக் கொண்டுபோனது அதற்கு முன்பே உள்ளே குடியேறிவிட்ட நோய். வீட்டில் இறப்பவர்களைவிடப் பெரிய ஆஸ்பத்திரியில் இறப்பவர்கள் அதிகம், ஆகவே ஆஸ்பத்திரி பக்கம் போகாதே என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். இதுவும் அதே கணக்குத்தான்.

அப்படியானால் நோய் வராமலே விட்டவர்களைப் பார்க்க வேண்டுமல்லவா? அப்படி ஒரு கூட்டம் வாய்த்தது பிரிட்டனில். அங்கே 1951-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர், நாட்டிலுள்ள டாக்டர்களுக்கே கடிதம் எழுதி அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். பதில் எழுதிய ஆண் டாக்டர்கள் 34,439 பேர். அவர்களை 50 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். இந்த டாக்டர்களில் நிறையப் பேர் நோய் வந்து விடவில்லை. செய்தி படித்து விட்டவர்கள். அதனால்தான் இந்தக் கணக்குக்கு அவ்வளவு மதிப்பு. தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் சராசரியாகப் 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் சுமார் 3 ஆண்டுகளை மீட்டார்கள். 50-ல் விட்டவர்கள் 6, 40-ல் விட்டவர்கள் 9, 30-ல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும். டால் தாமே 19 ஆண்டுகள் புகைத்தவர்தான். தம் ஆய்வு கொடுத்த முடிவைப் பார்த்துவிட்டு, நாற்பது வயதுக்குள் விட்டார். 2005-ல் இறந்தபோது அவருக்கு வயது 92.

வெள்ளைக்கார டாக்டர்கள் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு நம் நாட்டுக் கணக்கும் உண்டு. இறந்துபோன சுமார் 74,000 பேரின் வீடுகளில் விசாரித்து, உயிரோடிருப்பவர்களோடு ஒப்பிட்டு, பிரபாத் ஜா தலைமையிலான குழு 2008-ல் வெளியிட்டது. சிகரெட் பிடித்த இந்திய ஆண்கள் இழந்தது சுமார் 10 ஆண்டு. பீடி பிடித்த ஆண்கள் 6 ஆண்டு. பீடி பிடித்த பெண்கள் 8 ஆண்டு. “பீடி இலை நாட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது” என்பவர்கள் அந்த ஆறை நினைவில் வைக்கட்டும்.

இதயம் சீக்கிரம் மன்னிக்கும்

விட்ட பிறகு உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் சீராவதில்லை. இதயமும் ரத்தமும் வேகமானவை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசி சிகரெட்டிலிருந்து ஒரு நாளில் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் புகையால் பிசுபிசுப்பாகிக் கிடக்கும். அதுவும் சில வாரங்களில் தணியும். ஓரிரு ஆண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயத்தில் சுமார் பாதி போய்விடும். பதினைந்து ஆண்டு வாக்கில் புகைக்காதவர் நிலைக்கு அருகே வந்துவிடலாம்.

மாரடைப்பு வந்த பிறகு விட்டுப் பயனென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயன் அவர்களுக்குத்தான் உடனடியாக. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் நடந்த 20 ஆய்வுகளை 2003-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விட்டவர்களிடம் மரணம், தொடர்ந்தவர்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது. வாயில் போடும் எந்த இதய மாத்திரையும் இதைவிடப் பெரிதாகச் சாதிப்பதாக என் 29 வருட அனுபவத்தில் நான் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்!

“ரெண்டே ரெண்டு” என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இருபதில் இரண்டு என்றால் ஆபத்தும் பத்தில் ஒரு பங்குதானே என்று நம் வீட்டுக் கணக்கு சொல்லும். இதயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது என்று 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. தட்டணுக்களைப் பிசுபிசுப்பாக்கக் கொஞ்சம் புகையே போதும். ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இரண்டு கொடுப்பது, லட்சக்கணக்கில் செலவழித்துத் திறந்த குழாயை மெல்ல அடைக்கச் சொல்வது போல.

நுரையீரலின் பற்று வரவு

நுரையீரல் கணக்கு வேறு. இதை நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

மூச்சை முழுதாக இழுத்து ஒரு குழாயில் ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று ஒரு கருவியில் அளப்பார்கள். நல்ல நுரையீரல் உள்ள வாலிபருக்கு அது மூன்றரை லிட்டர் வாக்கில் இருக்கலாம். வயது ஏற ஏற, புகைக்காதவருக்கும் ஆண்டுக்கு 30 மில்லி வாக்கில் குறையும். புகை ஒத்துக்கொள்ளாத நுரையீரலாக இருந்தால் 60, 65 மில்லி என்று இறங்கும். 1977-ல் பிளெட்சர், பீட்டோ என்ற இருவர் லண்டன் தொழிலாளர்களிடம் பல ஆண்டு அளந்து சொன்னது இதுதான்: விட்டால், இழந்தது திரும்பாது, ஆனால் இறங்கும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடும். பின்பு அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5,900 பேரை 11 ஆண்டுகள் பார்த்ததில், விட்ட ஆண்களுக்கு ஆண்டுக்கு 30 மில்லி, விடாதவர்களுக்கு 66 மில்லி என்று வந்தது.

ஐம்பது வயதில் இரண்டு லிட்டர் ஊதும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். புகைத்துக்கொண்டே போனால் 65 வயதில் சுமார் ஒரு லிட்டரில் நிற்பார். அந்த நிலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதே மூச்சு வாங்கும் வேலை. இன்றே விட்டால் அதே வயதில் ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். மெதுவாகவேனும் மாடி ஏறலாம், பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடப் போகலாம். அரை லிட்டர்தான் வித்தியாசம். அந்த வயதில் அது வீட்டுக்குள் அடைபடுவதற்கும் வெளியே நடமாடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

விட்ட புதிதில் வரும் இருமல் பலரைப் பயமுறுத்துகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உண்டு. துடைப்பம் போல அசைந்து அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை மயக்கிப் போட்டிருந்தது. விட்டதும் விழித்துக்கொண்டு பல வருடக் குப்பையைக் கூட்டத் தொடங்குகின்றன. சில வாரம், சிலருக்கு ஓரிரு மாதம் இருமல் இருக்கும். வெந்நீர் நிறையக் குடிக்கலாம். அடக்கும் இருமல் மருந்தைத் தாமாக வாங்கிக் குடிக்காமல் இருப்பது நல்லது.

அதைவிட ஆச்சரியமான செய்தி ஒன்று 2020-ல் வந்தது. புகைப்பவர்களின் மூச்சுக்குழாய் உயிரணுக்களில் பெரும்பாலானவை உள்ளே எழுத்து மாறிக் கெட்டுப் போயிருக்கும். பிரிட்டனில் பதினாறு பேரிடம் எடுத்த உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களிடம், கெட்டுப்போகாத உயிரணுக்கள் புகைப்பவர்களிடம் இருந்ததைவிட நாலு மடங்கு வரை இருந்தன. எங்கோ ஒதுங்கிப் பிழைத்திருந்த நல்ல உயிரணுக்கள், புகை நின்றதும் பெருகி இடத்தைப் பிடிக்கின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள். நுரையீரல் புற்று அபாயம் விட்டபின் பத்து ஆண்டு வாக்கில் பாதியாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் புகைக்கவே புகைக்காதவர் அளவுக்கு அது இறங்குவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காபியும் டெரிஃபிலினும்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். டாக்டர்களும் அவசரத்தில் சொல்ல மறந்துவிடும் விஷயம்.

புகையில் உள்ள தார், ஈரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. காபியில் உள்ள காஃபீனையும் சில மருந்துகளையும் கரைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பில் காபி சீக்கிரம் செலவாகிவிடும். நாலு டம்ளர் குடித்தாலும் தெரியாது. புகையை விட்ட சில நாட்களில் நொதி சாதாரண நிலைக்கு இறங்கும். குடிப்பது அதே நாலு டம்ளர் பில்டர் காபி, ஆனால் ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். தூக்கம் வராது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். வீட்டார் இதைப் பார்த்து ‘புகை கேட்குது உடம்பு’ என்கிறார்கள். பாதி காபி செய்யும் வேலை! அந்தச் சகோதரியின் வீட்டில் கேட்டால், சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் மனைவியே அன்போடு ஒரு காபி கலந்து கொடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஏழு. நான் சொன்னது, பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம் என்பது மட்டுந்தான். இரானி ஓட்டல் சாயாவுக்கும் இதே விதி.

மருந்து விஷயம் இன்னும் முக்கியம். மூச்சிரைப்புக்கு நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் இருக்கிறது. அதுவும் இதே நொதியால் வெளியேறுவது. புகையை விட்டபின் பழைய அளவிலேயே மாத்திரை போட்டால் ஒரு வாரத்துக்குள்ளேயே மருந்து உடம்பில் தேங்கத் தொடங்கும். குமட்டல், வாந்தி, படபடப்பு, சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். ‘விட்டான், வாந்தி எடுத்தான், கெட்டான்’ என்ற கதைகளில் சிலவற்றுக்கு இதுதான் உண்மைக் காரணம் என்பது என் ஊகம். மனநோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். ஆகவே புகையை விட்டதும் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டோடும் டாக்டரைப் பார்த்து, “நான் விட்டுவிட்டேன், அளவு மாற்ற வேண்டுமா?” என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நிகோடின் மெல்லுகட்டி பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே மாற்றம் வரும். நொதியை முடுக்குவது புகையின் தார், நிகோடின் அல்ல.

இடுப்புச் சுற்றளவு

விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நாலு முதல் ஐந்து கிலோ கூடுகிறது. பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. நாக்குக்கு ருசி திரும்புகிறது, பசி திரும்புகிறது, கைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. சிகரெட் இருந்த இடத்தில் ஒஸ்மானியா பிஸ்கட் வந்து உட்காரும். வெள்ளைக்காரருக்கு ஐந்து கிலோ என்பது பேன்ட் அளவு மாறும் விஷயம். சர்க்கரை நோய் ஏற்கெனவே வாசலில் நிற்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வேறு விஷயம்.

2018-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இதை நேர்மையாகச் சொன்னது. விட்டபின் எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கொஞ்ச காலம் ஏறி, ஐந்து முதல் ஏழு ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பின் இறங்குகிறது. எடை கூடாதவர்களுக்கு அந்த ஏற்றமே இல்லை. ஆனால் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: எடை எவ்வளவு கூடியவர்களானாலும், விட்டதால் ஆயுளுக்குக் கிடைத்த லாபம் குறையவில்லை. ஆகவே தொப்பை வருகிறதே என்று திரும்பப் பற்ற வைப்பது நஷ்ட வியாபாரம்.

ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நமக்கு எல்லை. தையல் டேப்பால் மாதம் ஒருமுறை வீட்டிலேயே அளக்கலாம். சோற்றின் அளவை ஒரு கரண்டி குறைத்து, பொரியலை ஒரு கரண்டி கூட்டுவதே போதுமான தொடக்கம். தினம் அரை மணி வேக நடை. பாலாநகர் மெயின் ரோட்டில் லாரிப் புகைக்கு நடுவே வேண்டாம்; காலனிக்கு உள்ளே, விடியற்காலையில் நடக்கலாம். நடை மூச்சுக்கும் உதவும், சிகரெட் ஏக்கத்தையும் சில நிமிடங்களுக்குக் கலைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி.பி.யும் தூசியும்

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை நம் வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. கஜலட்சுமியும், மேலே சொன்ன அதே பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் வட்டாரக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. புற்றுநோய்தான் முதலில் நிற்கும் என்று எதிர்பார்ப்போம். முன்னால் வந்து நின்றது காசநோய். புகைத்தவர்கள் டி.பி.யால் இறப்பது புகைக்காதவர்களைப் போல் சுமார் நாலு மடங்கு. இந்தியாவில் டி.பி.யால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் மரணத்தில் புகைக்குக் கையிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. எங்கள் நாட்களில் எர்ரகட்டா நெஞ்சக மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் சட்டைப் பையில் பீடிக்கட்டு இல்லாதவர்கள் குறைவு.

ஆகவே விட்டு எத்தனை வருடமானாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை ‘பழைய புகை இருமல்’ என்று ஒதுக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். கிரைண்டிங், வெல்டிங், பவுண்டரி, முலாம் பூசும் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புகையும் தூசியும் ஒரே நுரையீரலில்தான் சேர்ந்தன. இன்னும் பட்டறையில் இருப்பவர்கள், புகையை விட்டுவிட்டோமே என்று முகக் கவசத்தை ஆணியில் மாட்டிவிட வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் புகை உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவு என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலை மூடிக்கொண்டு தலைமாட்டில் சுருள் வைத்துத் தூங்கும் குவார்ட்டர்ஸ் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொசுவலை வாங்கிக் கட்டுங்கள்.

சிகரெட்டை விட்டு குட்காவுக்கும் ஜர்தா பானுக்கும் போனவர்கள் விட்டவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். புகையிலை நுரையீரலை விட்டுக் கன்னத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. வடகடலோர ஆந்திராவில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடமும் உண்டு. அங்கே ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலும், கேரளாவின் எர்ணாகுளத்திலும், குஜராத்தின் பாவ்நகரிலும் மும்பை டாடா நிறுவன ஆய்வாளர்கள் சுமார் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களைச் சந்தித்து, வீடு வீடாகப் போய் விடச் சொன்னார்கள். 1986-ல் அவர்கள் எழுதியபடி, விட்டவர்களுக்கு வாயில் புற்றுக்கு முன்னோடியான வெள்ளைப் படலம் தோன்றுவது குறைந்தது. வாயும் திருந்தக்கூடிய உறுப்புதான். இதில் ஒரு சிறு குறிப்பு: விட்ட புதிதில் ஈறில் ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ஈறு நோயை மறைத்து வைத்திருந்தது. பல் டாக்டரிடம் காட்டி வாயைச் சுத்தம் செய்துகொள்ள அதுவே நல்ல நேரம்.

‘நுரையீரலைக் கழுவும்’ மாத்திரை, சூரணம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அப்படி ஒரு மாத்திரை கிடையாது. பீட்டா கரோட்டின் நல்லது என்று நம்பி அமெரிக்காவில் புகைப்பவர்களுக்கும் விட்டவர்களுக்கும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 28 சதவீதம் அதிகமாக வந்ததால் 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கேரட்டைக் கேரட்டாகச் சாப்பிடுங்கள். பணத்தை ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசிக்கும், வயதானவர்களுக்கான நிமோனியா தடுப்பூசிக்கும் செலவிடுங்கள்.

புற்று அபாயம் முழுவதும் இறங்குவதில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்கள்கூடச் சில அறிகுறிகளை விட்டுவிடக் கூடாது. சளியில் ரத்தம், மூன்று வாரமாகியும் தெளியாத குரல் கரகரப்பு, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் இளைத்தல். கூடவே வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் ‘சூடு’ என்று நீர்மோர் குடித்து விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் புகைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்காவில் 65 முதல் 75 வயதுக்குட்பட்ட, எப்போதாவது புகைத்திருந்த ஆண்களுக்கு, வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று ஒரே ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். நம் டாக்டரிடமும் கேட்டுப் பார்க்கலாம், வலியில்லாத சோதனை.

மீண்டும் பற்ற வைத்தவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் வழுக்குகிறார்கள். கல்யாண வீடு, ரயில் பயணம், பழைய ஷிப்டு நண்பர்கள், ஒரு ‘பெக்’ உள்ளே போன நேரம். அப்படி ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பாக்கெட்டே வாங்கிவிட வேண்டாம். மறுநாளிலிருந்து தொடரலாம். முதல் முயற்சியிலேயே நிரந்தரமாக விட்டவர்கள் என் ஜன்னலுக்கு வந்தவர்களில் குறைவு. தனியாக முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. 2016-ல் டில்லியில் தொடங்கியது. 2018-லிருந்து பெங்களூர் நிம்ஹான்ஸ் மூலம் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளிலும் ஆலோசனை சொல்கிறார்கள். பெரியவர்கள் தயங்காமல் தமிழிலேயே பேசலாம். எண்ணைக் குறித்துவைக்க மறந்தால் தேடி அலைய வேண்டியதில்லை. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அதை அச்சிட வைத்திருக்கிறார்கள்.